பீசாங் கோரெங் கடை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

சனிக்கிழமை நம் தடை ஓட்டத்தில், வாசலில் ஓடிய ஜென்செட்டின் (மின்சார ஜெனரேட்டர்) புகை சுரங்கத்துக்குள் புகுந்து ஓடியவர்களைப் பாதித்தது ஊருக்கே தெரியும். மருத்துவமனையில் இருந்த கடைசிப் பையனும் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். இனி நிம்மதியாக நன்றி சொல்லலாம்.

முதல் நன்றி, சுரங்க வாசலில் பீசாங் கோரெங் (வாழைப்பழ பஜ்ஜி) போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு. மழை விட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "தம்பி, கொசுவத்திப் பொகை உள்ளுக்குப் போவுது பாருங்க, ஜென்செட்டும் அங்கதானே ஓடுது" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் ஜென்செட் நின்றது, அடுத்த அணி வாசலிலேயே நின்றது.

அவர் கவனித்தது சின்ன விஷயமில்லை. நம் ஈயச் சுரங்கத்துக்கு அடிவாரத்தில் ஒரு வாய், மேட்டில் ஒரு வாய். வெயில் நேரத்தில் உள்காற்று குளிர்ந்து கனமாக இருப்பதால் அடிவாரம் வழியாக வெளியே வழியும். மழைக்குப் பின் வெளியே குளிர்ந்துவிட்டால் கதை மாறும்: உள்ளே இருக்கும் இளஞ்சூட்டுக் காற்று மேட்டு வாயில் ஏற, அடிவாரம் வெளிக்காற்றை உறிஞ்சும். பகலில் வாசலோரம் ஆபத்தில்லாமல் ஓடிய இயந்திரத்தின் புகை அப்போது நேரே உள்ளே போகும்.

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்றின் எடைதான் என்பதால் தரையோடு தவழ்ந்தாலும் தப்ப முடியாது. தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி வரும்; சேற்றுக்குழி தாண்டி வலைக்கடியில் ஊர்ந்து வந்தவன் அதைக் களைப்பு என்றே நினைப்பான். உள்ளே தொங்கிய வாயு மீட்டர் 35 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 35 பங்கு) வந்தால்தான் கத்தும், அதாவது வாயு வந்து சேர்ந்த பிறகு. கொசுவத்தியோ காற்று திரும்பிய உடனே காட்டிவிட்டது. பார்க்க ஒரு கண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தோட்டத்து கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்கும் கடன்பட்டிருக்கிறோம். விரலில் மாட்டும் கருவி ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டினாலும் அவர் நம்பவில்லை; கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே கணக்கிடும். தலைவலி என்று சொன்ன எல்லாருக்கும் மாஸ்க் வழியாக ஆக்சிஜன் வைத்தார். சாதாரணக் காற்றில் பாதி வாயு இறங்கவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

தலைவிளக்கோடு வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள், போம்பா (தீயணைப்பு) வீரர்கள், லாரி கொடுத்த தோட்ட நிர்வாகம், மண்டபத்தைத் திறந்து மோர் ஊற்றிய கோயில் கமிட்டி, எல்லாருக்கும் கும்பிடு.

அடுத்த ஓட்டத்தில் உள்ளே பேட்டரி விளக்குகள் மட்டும். ஜென்செட் பரிசு மேடைக்கு மட்டும், அதுவும் திடலின் மறுகோடியில். இரண்டு வாயிலும் கொசுவத்தி எரியும். புகை வெளியே வருகிறதா என்று பார்க்காமல் எந்த அணியும் உள்ளே போகாது. சுருளை அக்காவிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. காசு வாங்க மாட்டேன் என்கிறார், அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

கடைசியாக ஒன்று. ஆம்புலன்ஸில் போனவர்கள் கையில், உள்ளே போகும்போது பலகை ஆணியிலிருந்து எடுத்த பித்தளை வில்லை இருந்தால் கோயில் மண்டபத்தில் கொடுத்துவிடுங்கள். பலகையில் ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே என்றுதான் கணக்கு.