தென்காசிக் கிளையை நெல்லையோடு சேர்ப்பது பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் சங்கங்களில் ஆள் இல்லாத சின்னக் கிளைகளையெல்லாம் பக்கத்து மாவட்டக் கிளையோடு சேர்த்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், சொல்லும் காரணங்களில் பாதி உண்மையும்கூட. நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் ஒன்பது வருடம் கிளைப் பொருளாளர். எந்தச் சங்கம் என்பது வேண்டாம், சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைகிற வேலை எல்லாச் சங்கத்திலும் ஒன்றுதான். எங்களிடமும் இப்போது இதே பேச்சு. தென்காசிக் கிளையை மறுபடி நெல்லையோடு சேர்த்துவிடலாமாம்.

அவர் சொல்வதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது, பின்னாலேயே இருக்கிற சங்கமெல்லாம் 'தென்காசி மாவட்டக் கிளை' என்று புதுசாக போர்டு எழுதின, நாங்களும் எழுதினோம். கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, அப்புறம் 2020-இல் மயிலாடுதுறை என்று மாவட்டம் 38 ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், துணைக்கு நான்கு பேர் என்றால் எங்கே போவது? நைட் டூட்டி முடித்து, வீட்டில் சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து மினிட் புத்தகம் எழுதுகிறேன் என்று யார் சொல்வார்கள்? எங்கள் கிளையின் போன பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் பதினான்கு பேர், அதில் மூன்று பேர் டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்கு ஓடிவிட்டார்கள். கணக்கில் இருந்த பணம் சென்னைக்கு ஒரு வேன் பிடிக்கக் காணாது.

சரி, சேர்த்துவிடலாமே என்றால், சேர்ந்த பிறகு அந்தக் கிளை யாருடையதாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். நெல்லை என்றால் ஹைகிரவுண்டில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான், ஒரே வளாகத்தில் அத்தனை செவிலியர்கள். அது டிஎம்இ, அதாவது மருத்துவக் கல்வி இயக்ககம். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், சிவகிரி ஆஸ்பத்திரிகள் எல்லாம் டிஎம்எஸ், அதாவது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் டிபிஎச், பொது சுகாதார இயக்ககம். மூன்று டைரக்டர், மூன்று விதமான கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு ஒரு வார்டில் ஐம்பது அறுபது நோயாளியை ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது பிரச்சினை, நியாயமான பிரச்சினை. ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டருக்கோ ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்து இறங்கும்போது கேட்டைத் திறக்கக்கூட வேறு ஆள் இல்லை என்பது பிரச்சினை. இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் யாருடைய தீர்மானம் முதலில் எடுக்கப்படும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் கூட்டத்துக்கு வருவாரா என்பதே சந்தேகம். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மூன்று ஸ்டாஃப் நர்ஸ், மூன்று ஷிஃப்ட், அவ்வளவுதான் கணக்கு. ஒருவர் லீவு போட்டால் மற்ற இரண்டு பேரும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் நெல்லைக்கு வந்து, கூட்டம் முடிந்து, பஸ் பிடித்துத் திரும்ப ஒரு சிஎல் (தற்செயல் விடுப்பு) முழுசாகப் போய்விடும், அதற்கும் கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்ச வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சுகாதாரத் துறை தன் வசதிக்காக மாவட்டம் பிரிவதற்கு முன்பே சங்கரன்கோவிலைத் தனி சுகாதார மாவட்டமாக வைத்திருந்தது. தூரம் என்றால் என்ன என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, நம் சங்கத்துக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது தூரத்தைப் பற்றி அல்ல. எங்கள் பொதுக்குழுவுக்குப் பதினான்கு பேர்தான் வந்தார்கள் என்றேனே, அது ஏன் என்று அந்த வாசகர் கேட்கவில்லை. எங்கள் விதிப்படி நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் உறுப்பினர். எம்ஆர்பி என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிற தொகுப்பூதியத்தில் வந்தவர்களுக்குத் தனிச் சங்கம், அவர்கள் எங்களிடம் வர வேண்டாம், நாங்களும் அவர்களிடம் போக மாட்டோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் அவர்கள்தான். ஒரே டூட்டி ரூம், ஒரே ஊசி, ஒரே கேஸ் ஷீட், சங்கம் மட்டும் இரண்டு.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் தேர்வு எழுதி 7,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள், மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடம் கழிந்தால் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம் என்று நம்பி வந்தவர்கள். இரண்டு வருடம் கழிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 2017 நவம்பர் 27-ஆம் தேதி சென்னையில் டிஎம்எஸ் வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன்? அவர்களுடைய டூட்டியையும் சேர்த்துப் பார்த்தேன். நோயாளியை விட்டுவிட முடியாது என்பது உண்மை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் டூட்டி முடிந்த பிறகு ஒரு ஆதரவுத் தீர்மானமாவது போட்டிருக்கலாம், போடவில்லை. நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பி வந்தார்கள். என் வார்டுக்கு வந்த பெண் எப்போதும் போல 'குட் மார்னிங் சிஸ்டர்' என்று சொல்லிவிட்டு மருந்து டிரேயை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் குட் மார்னிங் இன்னும் எனக்குக் கேட்கிறது.

ஏன் பயந்தோம் என்றால் 2003. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் 1,70,000 பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டது. அதைப் பார்த்த எங்கள் தலைமுறைக்கு, நம்மைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்ற புத்தி வந்துவிட்டது. அந்தப் புத்தியின் விலையை நாங்கள் கொடுக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். 2021-இல் நிரந்தர ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதம் ஆனபோது நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம், தொகுப்பூதியப் பெண்கள் சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்ட 2,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை இல்லை என்றார்கள். அப்போதும் நாங்கள் 'கவலை தெரிவித்தோம்'.

செங்கோட்டையைத் தாண்டி மலை இறங்கினால் கேரளா. அங்கே 2011-இல் தனியார் ஆஸ்பத்திரி செவிலியர்கள் யுஎன்ஏ (யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன்) என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், ஆஸ்பத்திரிக்கு ஒரு யூனிட். 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள், கிளம்புவதற்கு முன்பே குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசாணை வந்துவிட்டது. அங்கே குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் யூனிட் இருந்தால் ஆள் வருகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

அதனால் இணைப்பு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேங்க் கணக்கைச் சேருங்கள், தணிக்கையைச் சேருங்கள், நெல்லைக்கும் தென்காசிக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு மாநாடு நடத்துங்கள், பீரோவும் போர்டும் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். மனுக் கொடுக்கவும் கூட நிற்கவும் மட்டும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஆள் இங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் தென்காசிக்கு ஒரு ஜேடி (இணை இயக்குநர்), நெல்லைக்கு ஒரு ஜேடி. இங்கே இருப்பவரைப் பார்க்க அங்கிருந்து ஒருவர் வருகிறவரைக்கும் மெமோ காத்துக்கொண்டிருக்காது.

அப்புறம் முடிவெடுக்கிற முறை. பதிவு பெற்ற இரண்டு தொழிற்சங்கங்கள் சேருவதற்கே 1926-ஆம் வருடச் சட்டம் பாதி உறுப்பினராவது ஓட்டுப் போட வேண்டும், போட்டதில் 60 சதவீதம் ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தது. நம்முடையது கிளைதானே, செயற்குழுவில் ஏழு பேர் கை தூக்கினால் போதும் என்று விடக் கூடாது. சந்தா வசூலிக்க வார்டு வார்டாகப் போகத் தெரிந்த நமக்கு ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தெரியாதா, மூன்று ஷிஃப்டுக்கும் போனால் மூன்று நாளில் முடிந்துவிடும்.

கடைசியாக, எங்கள் நிர்வாகிகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள் என்று தெரியும், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் தகுதி விதியில் 'நிரந்தர' என்ற ஒரு சொல்லை எடுப்பதை அடுத்த பொதுக்குழுவின் முதல் பொருளாக வையுங்கள், கிளை இணைப்பை இரண்டாவதாக வையுங்கள். நேரம் போதாமல் இரண்டாவது தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.