சிபில் திருத்தத்துக்கு இடைத்தரகர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையப் பகுதியில் மின்கம்பங்களிலும் ஆட்டோக்களின் பின்புறத்திலும் ‘குறைந்த சிபில் ஸ்கோர் உயர்த்தித் தரப்படும்’ என்ற துண்டு விளம்பரங்கள் அண்மைக்காலமாகப் பெருகி வருகின்றன. (சிபில் ஸ்கோர் என்பது, ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துகிறாரா என்பதற்குத் தரப்படும் மதிப்பெண்.) வங்கியொன்றின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னிடம், இத்தகையவர்களிடம் பணம் கட்டியும் பலன் காணாதவர்கள் தங்கள் கடன் விவர அறிக்கையோடு வருவதுண்டு. அவர்களே செலவின்றி அனுப்பியிருக்கக்கூடிய ஒரு திருத்த விண்ணப்பத்தை, அவர்களுடைய பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு இன்னொருவர் அனுப்பியிருப்பார். பெரும்பாலும் நடந்தது அவ்வளவுதான்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் விவரங்களைத்தான் இவை பதிவு செய்து, அவற்றிலிருந்து 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைக் கணக்கிடுகின்றன. எனவே, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பதிவையும் மாற்ற இயலாது. உண்மையாகவே தவறவிட்ட தவணையை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. இந்த ஒன்று தெரிந்திருந்தால் மேற்படி விளம்பரங்களுக்கு வேலையே இருக்காது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2017 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆனால், அறிக்கையைப் பெறுபவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக உள்ள கட்டங்களை. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்றிருந்தால் கெடு முடிந்து அத்தனை நாள் ஆகிவிட்டது என்று பொருள். அண்மையில் ஒரு பள்ளி ஆசிரியையின் அறிக்கையைப் பார்த்தேன். வீட்டுக் கடனின் கட்டங்கள் எல்லாம் 000. அதற்குக் கீழே, அவர் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லும் ஒரு கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் பாக்கி நின்று, அதன் மேல் தாமதக் கட்டணமும் சேர்ந்து, 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. கார்டை வெட்டிப் போட்டதோடு கணக்கு முடிந்ததென்று அவர் நம்பியிருந்தார். கணக்கை முடிக்குமாறு வங்கியிடம் கேட்டு, முடிக்கப்பட்டதற்கான உறுதியைப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் செட்டில்மென்ட். கடன் பாக்கி நிற்கும் குடும்பத்திடம் வசூல் முகவர் வந்து, ‘இவ்வளவு கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்’ என்கிறார். மக்கள் நீதிமன்றத்திலும் இத்தகைய சமரசங்கள் ஏராளமாக நடைபெறுகின்றன. நகையை விற்றாவது கட்டி, வங்கி தரும் கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு, இனி ஒரு தொந்தரவும் இல்லை என்று அக்குடும்பம் நிம்மதியடைகிறது. வசூல் தொந்தரவு நிற்பது உண்மைதான். ஆனால், அறிக்கையில் அக்கணக்கு ‘குளோஸ்டு’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, முழுத் தொகையும் கட்டப்படவில்லை என்பதை அடுத்துக் கடன் தர வேண்டியவருக்குப் பல ஆண்டுகள் தெரிவித்துக்கொண்டே இருக்கும். மகளின் கல்விக் கடனுக்கு இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப் போகும் நாளில்தான் தந்தைக்கு இது தெரியவருகிறது. கையில் பணம் சேர்ந்த பிறகு அதே வங்கியை அணுகி, விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டி, நிலுவை இல்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றித் தருமாறு கேட்க வழியுண்டு. பல வங்கிகள் இதற்கு இசைகின்றன. சமரசத்துக்கு முன்பே இதை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் என் வருத்தம்.

பதிவே தவறாக இருந்தால் நிலைமை வேறு. அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலோ, கடன் கொடுத்த வங்கியிடமோ நேரடியாக முறையிடலாம், கட்டணம் இல்லை. முறையீடு 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2024 ஏப்ரல் முதல் இது அமலில் உள்ளது. திருத்தம் மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தையும் தெரிவித்தாக வேண்டும். (கடன் முடிந்த பிறகு வீட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தரத் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று விதித்த அதே ரிசர்வ் வங்கி, ஒருவருடைய நற்பெயருக்கு 100 ரூபாய் போதும் என்று கருதியது ஏனோ!) 30 நாள்களுக்குப் பின்னும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. விவரம் கேட்க 14448 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

தவறு நம்முடையதாக இருந்தால், பாக்கியைக் கட்டிவிட்டுத் தொடர்ந்து கெடு தவறாமல் செலுத்தி வருவதைத் தவிர வழியில்லை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போவது, வரம்பு முழுவதையும் பயன்படுத்துவது, ஓரிடத்தில் மறுத்தவுடன் அடுத்தடுத்த செயலிகளில் விண்ணப்பிப்பது ஆகியவை மதிப்பெண்ணை மேலும் பாதிக்கும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் நம் அறிக்கையில் இடம்பெறும் என்பதைப் பலரும் அறிவதில்லை.

வங்கிகளுக்கு ஒரு வேண்டுகோள். செட்டில்மென்ட் கடிதத்தில் வாடிக்கையாளர் கையெழுத்திடும் முன், அக்கணக்கு அறிக்கையில் எவ்வாறு பதிவாகும், பின்னாளில் மீதியைக் கட்டினால் எவ்வாறு மாறும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு நேர் மேலே தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மக்கள் நீதிமன்றங்களை நடத்தும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும், சமரசம் பதிவாகும் முன் இதே விவரத்தை இரு தரப்பினர் முன்னிலையிலும் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
தஞ்சாவூர்.