கிளினிக் திகதி அறிவிக்கும் முறைமையைத் தீவக நோயாளருக்கும் பயன்படுமாறு அமைக்கக் கோரும் மனு

நெடுந்தீவு.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
யாழ்ப்பாணம்.

ஐயா/அம்மணி,

நெடுந்தீவிலிருந்து குடாநாட்டுக்குக் கிளினிக் சென்றுவரும் நீரிழிவு, உயர் குருதியமுக்க நோயாளர்களுள் ஒருவனாக இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றேன்.

நான் செல்லும் வைத்தியசாலையில் கிளினிக் திகதிகள் இப்போது குறுஞ்செய்தியில் அறிவிக்கப்படுகின்றன. சென்ற தடவை திகதி மாற்றப்பட்ட செய்தி ஆங்கிலத்தில் வந்தமையால் எனக்கு விளங்கவில்லை. விடியற்காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் போய்ச் சேர்ந்த பின்னரே அன்று கிளினிக் இல்லையென அறிந்தேன். அன்றைய கூலியும் போயிற்று, மருந்தும் கிடைக்கவில்லை.

இதை எவரது அலட்சியமென்றும் கூற வரவில்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமாயின் 160 எழுத்துகளும் தமிழாயின் 70 குறியீடுகளுமே அடங்கும் என்பதால், செலவு கருதி ஆங்கிலம் தெரிவாகியிருக்கலாம். எனினும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் தமிழே நிர்வாக மொழியாக இருக்க, நோயாளிக்குச் செல்லும் செய்தி மட்டும் அதற்குப் புறம்பாவது பொருத்தமன்று.

தமிழில் அனுப்பினாலும் குறை முற்றாகத் தீராது. முதியோர் வைத்திருக்கும் பழைய பொத்தான் தொலைபேசிகள் சில தமிழ் எழுத்தை வெறும் பெட்டிகளாகவே காட்டுகின்றன. நீரிழிவால் பார்வை மங்கியோருக்கு எந்த எழுத்தும் உதவாது. பல வீடுகளில் உள்ள ஒரே தொலைபேசியோ தொழிலுக்குப் போன மகனோடு கடலில் இருக்கும். ஆகவே பதிவுசெய்த தமிழ்க் குரலில் அழைப்பு விடுப்பதோடு, திகதிப் பட்டியலின் பிரதியொன்றை நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலையிலும் ஒட்டுவிக்குமாறு வேண்டுகின்றேன். காற்றுக் கடுமையாகிப் படகு ஓடாத நாளில் வரத் தவறியவரை முறைமை தானாகவே வரிசையின் கடைசிக்குத் தள்ளாதிருக்கவும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி ஒளியைக் கொண்டே அளப்பதால், கருமையான தோலில் உண்மையைவிடக் கூடிய அளவைக் காட்டக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இக்கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஒட்சிசன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகக் காணப்பட்டது. வெயிலில் கறுத்த எங்கள் கடற்றொழிலாளருக்கு இது அயலூர்ச் செய்தியன்று. கொள்வனவின்போது, கருமையான தோலிலும் சோதிக்கப்பட்டதற்கான சான்றைக் கேட்டுப் பெறுமாறு வேண்டுகின்றேன்.

முறைமையை விரிவாக்கும் முன்னர், கணினி பழகிய இளைஞரோடு நின்றுவிடாமல், எங்கள் தீவின் முதியோர் சிலரிடமும் அதனைக் கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்கப் பணிப்புரை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வண்ணம்,
நெடுந்தீவு கிளினிக் நோயாளர் ஒருவர்