சித்தப்பாவுக்கு ஒரு தீவு

அன்புள்ள சித்தப்பா,

ரிட்டயர் ஆனதிலிருந்து "மனுஷ வாடையே படாத தீவு ஒண்ணு இருந்தா சொல்லுடா, போய்க் கிடக்கிறேன்" என்கிறீர்கள். பார்த்துவிட்டேன். பெயர் கிளிப்பர்டன். மெக்சிகோ கரையிலிருந்து பசிபிக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பிரான்சுக்கா மெக்சிகோவுக்கா என்ற வழக்கில் 1931-ல் பிரான்சுக்குத் தீர்ப்புச் சொன்னவர் இத்தாலி ராஜா. நம் வரப்புத் தகராறுக்கெல்லாம் இவ்வளவு பெரிய பஞ்சாயத்து வந்ததில்லை.

சுற்றி வந்தால் 12 கிலோமீட்டர், பவளத்திட்டு வளையம். நடுவில் கடலோடு சேராமல் அடைபட்ட காயல். மேலே மழைத்தண்ணீர், அடியில் அழுகின முட்டை நாற்றம். ஓரமாக ஓர் எரிமலைப் பாறை, 29 மீட்டர். மேடு என்று சொல்ல அது ஒன்றுதான்.

ஊரை ஆள்வது நண்டு. கடல் நண்டு இல்லை, தரையில் வாழும் ஆரஞ்சு நண்டு. மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை தலைகாட்டினால் போதும், கொடுக்கால் கிள்ளித் தின்றுவிடும். அதனால் தரை மொட்டை. அந்த மொட்டைத் தரையில்தான் பூபி என்ற வெள்ளைக் கடற்பறவை முட்டையிடுகிறது. முகத்தில் கறுப்புத் துணி கட்டினது மாதிரி இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பறவை எச்சத்தை உரத்துக்கு வெட்டி எடுக்க வந்தவர்கள் பன்றியை விட்டுப் போனார்கள். பன்றி நண்டைத் தின்றது, முட்டையைத் தின்றது. நண்டு குறைந்ததும் செடி மண்டியது. 1958-ல் கென்னத் ஸ்டேகர் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் போனபோது முகமூடிப் பூபி வெறும் 150-தான். மனுஷன் பொறுக்கமுடியாமல் 58 பன்றிகளையும் சுட்டுத் தள்ளினார். நண்டு பெருகியது, செடி ஒழிந்தது, பூபி லட்சத்தைத் தாண்டியது. கொன்றது சரியா என்று கேட்பீர்கள். சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

அதோடு முடியவில்லை. 2000 வாக்கில் எலி வந்து சேர்ந்தது, கரைதட்டின மீன்பிடிக் கப்பலில் வந்ததாக நம்புகிறார்கள். மறுபடியும் நண்டு குறைகிறது, செடி ஏறுகிறது. ஆள் இல்லாத தீவு என்கிறோம், நம் எலி அங்கே குடித்தனம் நடத்துகிறது.

போவதென்றால் எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். அங்கே காவலுக்கு இருந்த மெக்சிகோ சிப்பாய்களுக்கு 1914-க்குப் பிறகு சாமான் கப்பல் வரவில்லை. பழம், காய்கறி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோய் பலரைக் கொண்டுபோனது. 1917-ல் அமெரிக்கக் கப்பல் ஒன்று மீட்டபோது மிச்சமிருந்தது நாலு பெண்களும் ஏழு குழந்தைகளும்.

சித்தியிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்