கரடியும் பாலை மரமும்

ஆசிரியர் அவர்கட்கு,

யானை குறித்து நாள்தோறும் செய்தி வெளியிடும் நமது பத்திரிகைகள், இலங்கைக்கே உரிய கிளையினமான கரடியைப் பற்றி, அது எவரையேனும் தாக்கினாலன்றி எழுதுவதில்லை. உலர் வலயத் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழும் இவ்விலங்கு, நாட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாத்தாலும், சட்டத்தால் மட்டும் அதன் தொகை பெருகிவிடாது. ஏனெனில் ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனும் தாய்க்கரடி, அவற்றை முதுகில் சுமந்து திரிந்து, ஏறத்தாழ இரண்டாண்டுகள் தன்னுடனேயே வைத்திருப்பதால், ஒரு தாயை இழந்தால் அந்த இழப்பு ஈடாகப் பல்லாண்டுகள் செல்லும்.

கறையானுக்கு அடுத்து இதன் விருப்ப உணவு பாலைப்பழம். நாமும் விரும்பி உண்பதுதான். வைரம் பாய்ந்த மரமென்று முதிர்ந்த பாலைகளைத் தறிப்பது, கரடியின் உணவைப் பறித்து, அதைக் குடிமனைகளின் பக்கம் தள்ளுவதாகும். பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் கம்பிக் கண்ணிகள் விலங்கின் இனம் பார்ப்பதில்லை.

தேனுக்கும் விறகுக்கும் காடு செல்வோரின் அச்சம் நியாயமானது. கரடி தாக்கி முகம் சிதைந்தவர்களிடம் அதன் பாதுகாப்பைப் பற்றி உபதேசிப்பது எளிதல்ல. எனவே வனஜீவராசிகள் திணைக்களம், திருகோணமலை மாவட்டத்தின் காட்டோரக் கிராம இளைஞர்களை ஊதியத்துடன் இணைத்துக் கண்ணிகளை அகற்றவும், கூட்டமாகவும் குரல் எழுப்பியும் காட்டுக்குள் செல்லும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கவும், அடுத்த பாலைப்பழக் காலத்துக்கு முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை