1964ஐ மட்டும் வாசித்தால் போதாது

ஆசிரியருக்கு,

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படிப்பவர், மலையகத் தமிழரின் (தோட்ட வேலைக்காக இலங்கைக்கு வந்த இந்திய வம்சாவளித் தமிழரின்) நாடற்ற நிலை 1964இல்தான் தொடங்கியது என்று எண்ணக்கூடும். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கடிதம் மாற்றிச் செய்தது, ஏற்கெனவே நாடற்றுப்போயிருந்த 9,75,000 பேரைப் பங்கு பிரித்ததுதான். அவர்கள் எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்பதற்கு, 1947–48இல் இந்தியப் பிரதமர் ஜவஹர்லால் நேருவும் இலங்கைப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் பார்க்க வேண்டும். அவை இரகசியமானவை அல்ல. இலங்கை அரசே 1948இல் அவற்றை அச்சிட்டு வெளியிட்டது.

1947 டிசம்பர் இறுதியில் தில்லியில் இருவரும் நேரில் பேசினார்கள். இலங்கைப் பிரஜாவுரிமை பெறத் தேவையான வதிவிடக் காலத்தில் இழுபறி ஏற்பட்டது. திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் 1946க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றார் சேனநாயக்க. எல்லோருக்கும் 8 ஆண்டு, அதுவும் 1948 ஜனவரி 1ஆம் திகதிவரை கணக்கிட்டு, என்றார் நேரு. பலரும் இந்த ஆண்டுக் கணக்கோடு கடிதங்களை மூடிவைத்துவிடுகிறார்கள். ஆனால் 1939 ஓகஸ்டிலேயே பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்ல இந்தியா தடை விதித்துவிட்டது. ஆகவே 1948இல் தோட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே வந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஏழா எட்டா என்ற வழக்கு அவர்களில் அதிகம் பேரைத் தொடவில்லை. அவர்களைத் தொட்டது, அந்த ஆண்டுகளை நிரூபிக்க வேண்டிய சுமை.

கடிதங்களைப் படிப்பவர்கள் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். பிரதமர்கள் ‘தகுதி’ என்று பேசிய ஒவ்வொன்றும் அங்கே ஒரு நிரூபணமாக மாறியிருக்கும். 1946க்கு முந்திய ஆண்டுகளைக் காட்டினால் போதாது. அன்றிலிருந்து விண்ணப்பித்த நாள்வரை இங்கேயே இருந்ததையும் காட்ட வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் சொந்த ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். நியாயமான, நிச்சயமான வருமானம் இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளின் வதிவிடமும் விசாரிக்கப்படும். தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய ஒரு குடும்பத்தின் வாழ்க்கை, வெவ்வேறு தோட்டங்களின் செக்ரோல்களில் (வேலைப் பதிவேடுகளில்) சிதறிக் கிடக்கும். அவை தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகத்தில் இருப்பவை, தொழிலாளியின் கையில் இருப்பவை அல்ல. தாய் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய்த் தாமதித்துத் திரும்பினாலும் சிக்கல்தான்.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுதான் அவகாசம். 1951 ஓகஸ்டில் முடிந்தது. தோட்டத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தைப் புறக்கணித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கச் சொன்னதால், கடைசி மாதங்களில் படிவங்கள் குவிந்தன. இந்தத் தவறைச் சொல்லாமல் பழியை முழுவதும் கொழும்பின் தலையில் கட்டுவது வரலாறாகாது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் போயின. 1964க்குள் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தேங்கியவற்றை இரண்டு ஆண்டில் முடிக்க முயல்வதாக 1954 ஜனவரியில் நேரு – கொத்தலாவல உடன்பாட்டில் எழுதிக்கொண்டதும் நடக்கவில்லை.

இவற்றுக்குப் பின்னால் இருந்தது பிரதேச அரசியல். கண்டிச் சிங்களவரின் தொகுதிகளில் தோட்ட வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் என்ற அச்சத்தில்தான் சேனநாயக்க ஆண்டுகளை எண்ணினார். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தொண்டமான் உள்ளிட்டோர் நாடாளுமன்றம் போனார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளாக ஏற்கவில்லை; 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்கையும் எடுத்துவிட்டது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வடக்கிலும் அதிர்ச்சி எழுந்தது. 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். (தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அதை அவர் எதிர்த்தார்; ஆதரித்தது, அமைச்சரான பிறகு வந்த, மேலே சொன்ன 3ஆம் இலக்கச் சட்டத்தை.)

நேருவின் பக்கத்திலும் ஓட்டை உண்டு. இலங்கையில் நிலைத்துவிட்டவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையோ, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் விண்ணப்பித்துப் பதிந்தால்தான் குடிமக்கள் என்கிறது. கொழும்பு மறுத்தவர் தில்லிக்குத் தானாகச் சொந்தமாகவில்லை.

இனி 1964க்கு வருவோம். அவ்வாண்டு மாற்றிய கடிதங்களின்படி இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்க வேண்டும். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். காலம் 15 ஆண்டு. இந்தியா 7 பேரை ஏற்கும்போது இலங்கை 4 பேரை ஏற்க வேண்டும் என்று இரு வேலைகளையும் சேர்த்து நகர்த்தும் ஏற்பாடுதான் சிக்கியது. எதை ஏழு என்று எண்ணுவது? 1967ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் குடியுரிமை பெற்றவர்களை எண்ணியது. 1971 திருத்தம் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களை மட்டும் எண்ணியது. விண்ணப்பங்களும் பங்கீட்டோடு பொருந்தவில்லை. இலங்கையைக் கேட்டவர்கள் 3 லட்சத்தின் இரு மடங்கைத் தாண்டினார்கள். இந்தியாவைக் கேட்டவர்கள் அதன் பங்கை எட்டவில்லை. அந்தக் குறையான 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க 1986இல் இலங்கை தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியையே எல்லையாக வைத்தது. அன்றுமுதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்றது. உங்கள் இதழ் இந்தத் தொடரை நீட்டுவதானால், 1947–48 கடிதங்களை இரு தரப்பும் முழுமையாக, 1949 சட்டப் பிரிவுகளோடு எதிரெதிர் பத்தியாகத் தமிழில் வெளியிடுங்கள். மேற்கோள் துண்டுகள் வேண்டாம்; இரு அரசுகளும் தமக்கு வேண்டிய துண்டுகளை ஏற்கெனவே போதிய அளவு எடுத்துக்கொண்டுவிட்டன.

இப்படிக்கு,
வாசகர்