முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் 28 வாரத்தில், 1,100 கிராம் எடையில் பிறந்தவள். பிழைப்பாளா என்ற பதைபதைப்பிலேயே இரண்டு மாதம் போனது. கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்கைக் காட்டினாலும் திரும்பவில்லையே என்று நாங்களாகக் கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இரு விழித்திரைகளும் பிரிந்துவிட்டிருந்தன.

குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் சரியாக வளராமல், அது பிரிந்துபோகலாம். அதனால் 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்பே. உரிய நேரத்தில் லேசர் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதித் தரக் கூடாதா?

இப்போது அவளுக்கு ஆறு வயது. வலிப்புக்கு இரண்டு வேளை மருந்து. வெளிச்சமே தெரியாததால் ராத்திரி, பகல் என்ற கணக்கு அவள் உடம்புக்குப் பிடிபடவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து விளையாடக் கூப்பிடுவாள். சரி என்று நானும் எழுந்துகொள்வேன். வளையல் சத்தத்தை வைத்தே நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் "அம்மா, அடுப்பை அணை" என்று குரல் கொடுப்பதும் அவள்தான்.

பள்ளியில் சேர்க்கப் போனால், "சிறப்புப் பள்ளியில் பாருங்களேன்" என்றார்கள். பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தந்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லித்தான் இடம் வாங்கினோம்.

பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் கண் பரிசோதனைத் தேதியைக் குறித்துக் கொடுத்தே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறை கண்டிப்பாக உத்தரவிட வேண்டும்.

ஒரு தாய்,
திருநெல்வேலி